கூட்டற்கணக்கும் குழந்தை மனமும்

தலைநகரின் தென்பகுதியில், மத்திய சர்க்கார் ஊழியர்கள் குடியிருக்கும் லக்ஷ்மிபாய் நகரை ஒட்டி ஐ. என். ஏ. சந்தை இருக்கிறது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் தேடித் தமிழரும் மலையாளிகளும் அங்கே செல்வதுண்டு. காய்கறிக் கடைக்காரர் முக்கால் கிலோ வெண்டைக்காயையும் இரண்டு கட்டுக் கீரையையும் பையில் இடுவதற்குள் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுகிறார். தாளும் பென்சிலும் அவருக்குத் தேவைப்படுவதில்லை. அதே நேரத்தில், பக்கத்துக் குடியிருப்பில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று 8-ஐயும் 7-ஐயும் கூட்டுவதற்காக நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எட்டுக் கோடுகளும் ஏழு கோடுகளும் கிழித்து, அனைத்தையும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். விடை சரியாகவே வரலாம். ஆயினும் இவ்விருவர் செய்வதும் ஒரே செயல் அன்று.

இவ்வேற்றுமையைத் தில்லியிலும் கொல்கத்தாவிலும் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிஸபெத் ஸ்பெல்கி முதலியோர் நடத்திய அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளியாயின. சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரையும், அருகிலுள்ள பள்ளிகளில் படிப்பவரும் விற்பனையில் பழக்கமில்லாதவருமான 471 பேரையும் அவர்கள் சோதித்தார்கள். கிலோ 20 ரூபாய் விலையுள்ள உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் விலையுள்ள வெங்காயத்தில் 1.4 கிலோ என்று, வழக்கமாக எவரும் கேளாத அளவுகளில் சரக்கைக் கேட்டு 200 ரூபாய்த் தாளை நீட்டுவார்கள். 16-உம் 21-உம் சேர்ந்து 37 என்றும், மீதி 163 என்றும் சந்தைக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மனத்திலேயே கணித்துக் கொடுத்துவிட்டனர். அதே குழந்தைகளிடம் அதைவிட எளிய கணக்குகளைப் பள்ளி முறையில், வெறும் எண்களாகக் கொடுத்தபோது பலர் தடுமாறினர். பள்ளிக் குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. எளிய ஏட்டுக் கணக்குகளை அவர்கள் மேலும் திருத்தமாகச் செய்தனர்; ஆனால், வேலை செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் விடுவித்த ஒரு சந்தைக் கணக்கை அவர்களுள் நூற்றுக்கு ஒருவரே விடுவிக்க முடிந்தது. அவர்கள் தாளில் எழுதிச் செய்த வழிகளும் மிக நீண்டு, வாழ்க்கைக்கு உதவாத அளவுக்கு நேரம் கொண்டன.

இதனைப் படித்துவிட்டு, பள்ளியைவிடச் சந்தையே மேலென்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளோருக்குக் கட்டாய இலவசக் கல்வி 2010 ஏப்ரல் 1 முதல் சட்டப்படியான உரிமை. சந்தைக் குழந்தையின் திறமை அக்குழந்தையைப் பள்ளியில் முன்னேற்றவில்லை என்பதே இவ்வாராய்ச்சியில் வருந்தத்தக்க பகுதி. பிரேசில் நாட்டின் ரெஸிஃபே நகரிலும் 1985-இல் இதே போன்றதொரு முடிவு வெளியாயிற்று. தெருவில் பண்டம் விற்ற ஐந்து சிறுவர்கள், தம் கடையிற் கேட்கப்பட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98-ஐச் சரியாகச் செய்தனர். அவற்றையே வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-க்கு மேல் செய்ய இயலவில்லை.

இருநூறு ரூபாய்க்கு மீதி தரும் சிறுவன் என்ன செய்கிறான் என்பதைச் சற்றுக் கவனிப்போம். பள்ளியில் இது கழித்தல். 200-இன் கீழ் 37-ஐ எழுதி, பூஜ்யத்திலிருந்து ஏழு போகாதென்று அடுத்த இடத்தில் கடன் கேட்டு, அங்கும் பூஜ்யமே இருக்கக் கண்டு, அதற்கடுத்த இடத்துக்குப் போக வேண்டும். விற்பனையில் பழகியவர்கள் இதைக் கூட்டலாகவே செய்துவிடலாம். 37-உடன் 3 சேர்ந்தால் 40. 60 சேர்ந்தால் 100. இன்னொரு நூறு சேர்ந்தால் 200. மூன்றும் அறுபதும் நூறும் 163. இதில் பாய்ச்சல்கள் மூன்றே. ஒவ்வொன்றும் பத்திலோ நூற்றிலோ சென்று நிற்கிறது. இவ்வாறு எண்ணை வேண்டிய இடத்தில் பிளந்து, வேண்டிய இடத்தில் ஒட்டும் வழிகளையே மனக்கணக்கு உபாயங்கள் என்கிறோம். இவை சிலருக்கு மட்டும் வாய்த்த பிறவி வரம் அல்ல. ஐந்து, ஆறு வயதிலிருந்தே கற்பிக்கத் தக்கவை.

கூட்டல் குழந்தையிடம் எவ்வாறு வளர்கிறது? முதற்படியில் குழந்தை இரு கூட்டங்களையும் ஒன்றாக்கி, முழுவதையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அடுத்த படியில், முதற் கூட்டத்தை எண்ணாமலே மனத்தில் நிறுத்தி, மேற்கொண்டு எண்ணுகிறது: ஐந்துடன் மூன்று என்றால், ‘ஆறு, ஏழு, எட்டு’. இந்தப் படியில் ஒரு பிழை அடிக்கடி நேரும். தொடங்கும் எண்ணையும் சேர்த்து ‘ஐந்து, ஆறு, ஏழு’ என்று சொல்லி ஏழில் நின்றுவிடும். இதைக் கவனக்குறைவென்று கடிவதில் பயனில்லை. ஐந்து என்பது எண்ணி முடிந்த ஒரு கூட்டத்தின் பெயர் என்ற உணர்வு இன்னும் உறுதிப்படவில்லை என்பதே அதன் பொருள். ஐந்து புளியங்கொட்டைகளைக் கிண்ணத்திலிட்டு மூடி, மேலும் மூன்றை வெளியே வைத்துக் கேட்டால், மூடியின் கீழே உள்ளவை முடிந்துபோன ஐந்து என்பது விளங்கிவிடும்.

மூன்றாம் படி, பெரிய எண்ணிலிருந்து தொடங்குதல். 2-உடன் 9-ஐக் கூட்டச் சொன்னால் 9-இலிருந்து தொடங்கி இரண்டடி செல்வது. அமெரிக்காவில் குரோன், பார்க்மன் என்னும் இருவர், முதல் வகுப்புக் குழந்தைகள் விடை சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து 1972-இல் வெளியிட்டனர். இரண்டு எண்களில் சிறியது எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நேரமும் கூடிற்று. அதாவது குழந்தைகள் பெரிய எண்ணில் நின்று சிறிய எண்ணின் அளவே எண்ணிச் சென்றனர். 1977-இல் குரோனும் ரெஸ்னிக்கும், இன்னும் பள்ளிக்கே செல்லாத சிறு குழந்தைகளுக்கு எல்லாவற்றையும் எண்ணும் முறையை மட்டும் கற்பித்துப் பல வாரங்கள் பயிற்சி கொடுத்தனர். அவர்களுட் பாதிப் பேர், எவரும் சொல்லிக் கொடாமலே, பெரிய எண்ணிலிருந்து தொடங்கும் வழியைத் தாமே கண்டுகொண்டனர். குழந்தை உழைப்பைக் குறைத்துக்கொள்ளவே விரும்புகிறது. அதற்கு வாய்ப்பும் போதிய பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

எண்ணிச் செல்வது இவ்வளவில் நின்றுவிட்டால் பின்னால் துன்பம். 8-உடன் 7-ஐ எண்ணிக் கூட்டுவது எளிது. 38-உடன் 25-ஐ அவ்வாறு கூட்டப் புகுந்தால் நடுவிலே எண்ணிக்கை தப்பும். ஆதலால், எண்ணுவதிலிருந்து பிளப்பதற்குச் செல்லும் திருப்பமே இப்பாடத்தின் உயிர்நிலை. அத்திருப்பத்துக்கு இரண்டு படிக்கற்கள் உதவுகின்றன. ஒன்று இரட்டைகள்: 5-உம் 5-உம், 6-உம் 6-உம், 7-உம் 7-உம். இவை எளிதில் மனத்தில் பதிகின்றன. மற்றொன்று பத்தின் துணைகள்: 9-க்கு 1, 8-க்கு 2, 7-க்கு 3, 6-க்கு 4, 5-க்கு 5. இவ்விரண்டையும் பெற்ற குழந்தை 8-ஐயும் 7-ஐயும் கூட்டுவதற்குப் பல வாயில்கள் திறந்திருக்கின்றன. ஏழும் ஏழும் பதினான்கு, மேலும் ஒன்று என்று ஒருவன் சொல்வான். எட்டுக்கு இரண்டு கொடுத்தால் பத்து, ஏழில் மிச்சம் ஐந்து என்பான் மற்றொருவன். இரண்டிலும் ஓர் ஐந்து இருக்கிறது, அது பத்து; மிச்சம் மூன்றும் இரண்டும் என்று மூன்றாமவள் சொல்லக்கூடும். பத்தும் ஏழும் பதினேழு, அதிகம் வைத்த இரண்டை எடுத்துவிட்டால் பதினைந்து என்று நான்காவதாக ஒரு வழியும் வரும். ஆசிரியர் இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, எது சுருக்கமென்று குழந்தைகளையே பேசவிடலாம். ‘விடை என்ன?’ என்பதோடு நில்லாது ‘எப்படிக் கண்டாய்?’ என்றும் கேட்பதற்கு நாள்தோறும் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டுமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். தடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. விரல்கள் ஐந்தையும் பத்தையும் கண்முன் நிறுத்துகின்றன. ஒரு கையும் இரண்டு விரலும் ஏழு என்பதைக் குழந்தை எண்ணாமலே காண்கிறது. நம் நாட்டில் பெரியவர்கள் விரற்கணுக்களில் எண்ணுவது வேறு வகை. அது விரலுக்கு மூன்றாகச் செல்வது. ஜபத்துக்கும் கணக்கெழுதுவோருக்கும் மிக உதவியானது. ஆனால், பத்தைக் கட்டுவதற்கு அது துணை செய்யாது. முதலிரண்டு வகுப்புகளில் முழு விரல்களே நல்லவை.

எண்ணாமற் காணும் பழக்கத்தை நம் விளையாட்டுகள் வெகுகாலமாகவே ஊட்டி வந்திருக்கின்றன. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தவுடனே ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பவள் தோற்றுப்போவாள். தாயத்தில் விழுந்த சோழிகளைப் பார்த்த மாத்திரத்தில் தொகையைச் சொல்கிறோம். அஞ்சாங்கல்லில் ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே கிடக்கும் நான்கையும் ஒன்றொன்றாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் ஒன்றுமாகவும், நான்கையும் ஒருங்கேயும் வாருகிறார்கள். நான்கு என்னும் எண்ணின் பிளவுகள் பல அதில் அடங்கிவிட்டன. இதையே பத்துக்கு விரிப்பது கடினமன்று. வரிசைக்கு ஐந்து கட்டங்களாக இரு வரிசை வரைந்து, ஏழு கட்டங்களில் புளியங்கொட்டையை வைத்துவிட்டு, ‘பத்துக்கு இன்னும் எத்தனை?’ என்று கேட்டால், வெறுமையாக நிற்கும் மூன்று கட்டங்களே விடை சொல்லும். ஐந்து சிவப்பு மணியும் ஐந்து வெள்ளை மணியும் மாறி மாறிக் கோத்த நூறு மணிச்சரம் அடுத்த ஆண்டுக்கு உதவும்.

மொழியும் இங்கே துணை செய்கிறது, சில வேளை தடையும் செய்கிறது. லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழிலும், தெருவில் ஹிந்தியிலும், வகுப்பில் ஆங்கிலத்திலும் எண்ணுகிறார்கள். தமிழில் ‘பதின்மூன்று’ என்பது பத்தும் மூன்றும் என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. ‘இருபத்தைந்து’ இரண்டு பத்தையும் ஓர் ஐந்தையும் காட்டுகிறது. ஆங்கிலத்தின் ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்பவற்றில் பத்து மறைந்து நிற்கிறது. சீன மொழியிலும் பத்தும் ஒன்றும், பத்தும் இரண்டும் என்றே பெயர்கள் அமைந்துள்ளன. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு மில்லர் என்பவரும் அவர் துணைவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்து வரை எண்ணுவதில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாக இருக்க, பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கக் காணப்பட்டனர்.

ஹிந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனிப் பெயரைப் பழக வேண்டியிருக்கிறது. ஒற்றையிலக்கம் முன்னேயும் பத்து பின்னேயும் வருவதால், ‘பச்சீஸ்’ என்பதில் ஐந்தை முதலிலும் இருபதைப் பின்பும் கேட்கிறோம். ஆனால் அம்மொழியிலும் ஓர் அருமையான உபாயம் பொதிந்திருக்கிறது. 29-ஐ ‘உன்தீஸ்’ என்றும், 39-ஐ ‘உன்தாலீஸ்’ என்றும், 59-ஐ ‘உன்ஸட்’ என்றும் சொல்வர். முப்பதுக்கு ஒன்று குறைவு, நாற்பதுக்கு ஒன்று குறைவு, அறுபதுக்கு ஒன்று குறைவு என்பதே அவற்றின் பொருள். 29-உடன் 6-ஐக் கூட்டும் குழந்தை, ஆறிலிருந்து ஒன்றைக் கொடுத்து முப்பதாக்கி, மிச்சம் ஐந்தைச் சேர்த்து 35 என்று சொல்ல அப்பெயரே வழிகாட்டுகிறது. தமிழிலும் ‘ஒன்பது’ என்பதற்குள் பத்தைக் குறிக்கும் ‘பது’வும், ‘தொண்ணூறு’ என்பதற்குள் நூறும், ‘தொள்ளாயிரம்’ என்பதற்குள் ஆயிரமும் இருக்கின்றன. ஒன்பதைக் கண்டால் பத்தை நினை என்று சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிடத் தக்க இடம் வேண்டுமா? இவ்விரு மொழிகளையும் அறிந்த தில்லிக் குழந்தையிடம் இச்சொற்களை ஒப்பிட்டுக் காட்டுவது நல்ல பாடமாகும்.

ஈரிலக்க எண்களுக்கு வந்தால், 38-உடன் 25 என்பதைத் தாளில் வலப்புறத்திலிருந்து தொடங்கிச் செய்கிறோம். மனத்திலோ இடப்புறத்திலிருந்து தொடங்குவதே இயல்பு. முப்பதும் இருபதும் ஐம்பது; எட்டும் ஐந்தும் பதின்மூன்று; ஆக 63. அல்லது 38-இலிருந்து இருபது தாவி 58, இரண்டு சேர்த்து 60, மிச்சம் மூன்று சேர்த்து 63. அல்லது 25-இலிருந்து இரண்டை எடுத்து 38-ஐ நாற்பதாக்கி, 40-உம் 23-உம் என்று முடிப்பது. முதல் வழியில் பெரிய பகுதி முதலில் வந்துவிடுவதால், விடை அறுபதை ஒட்டியதென்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பின்னர் எழுத்துக் கணக்கில் 513 என்று விடை எழுதிவிட்டாலும், அது தவறென்று அக்குழந்தைக்கே தோன்றும். எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று முழுவதையும் ஒற்றையிடத்தில் எழுதிவிட்டுப் பக்கத்தில் ஐந்தை இடுவதால் வரும் இந்த 513 ஆசிரியர்கள் நன்கறிந்த பிழை.

நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஓதி மனப்பாடம் செய்வித்தனரே, அதுவும் மனக்கணக்குத்தானே என்று சிலர் வினவலாம். ஆம், மாகாணியும் அரைக்காலும் நாவில் புரண்ட அம்மாணவர்களின் விரைவு வியக்கத்தக்கது. நெல்லளவையும் நில அளவையும் அப்பாடத்திலேயே கலந்திருந்தமையால், ஓதிய எண் களத்துமேட்டில் பயன்பட்டது. அக்காலத்து அளவைகள் நீங்கிய பின்பு மிஞ்சி நின்றது ஓதுதல் மட்டுமே. இப்போதும் பத்துக்குட்பட்ட கூட்டல்கள் மனப்பாடமாக வேண்டியவையே. மனப்பாடமான இரட்டை இல்லாமல் அதை அடுத்த கூட்டல் எங்கிருந்து வரும்? உபாயமும் நினைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. உபாயங்களையே பன்னிரண்டு விதிகளாக்கி ஒப்பிக்கச் செய்யும் புதிய புத்தகங்கள் சிலவற்றைப் பார்க்கையில்தான் அச்சம் உண்டாகிறது.

விளையாட்டு மட்டும் போதுமா என்பதற்கும் தில்லியிலேயே விடை கிடைத்திருக்கிறது. டில்லன், ஹரிணி கண்ணன், டீன், ஸ்பெல்கி, டூஃப்லோ ஆகியோர் 2017-இல் ‘ஸயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. தில்லியின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த, ஏறத்தாழ ஐந்து வயதுள்ள 1,540 குழந்தைகள் அதிற் பங்கு பெற்றனர். ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம், புள்ளிக் கூட்டங்களில் எது பெரிது, வடிவங்களில் எது மாறுபட்டது என்று காணும் விளையாட்டுகள் கற்பிக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின்னரும் எண்ணளவையும் வடிவத்தையும் உணரும் ஆற்றல் அக்குழந்தைகளிடம் மேலோங்கி நின்றது. ஆயினும் தொடக்கப் பள்ளியின் கணக்குப் பாடத்தில் அவர்கள் மற்றவரைவிட முன்னேறிவிடவில்லை. சந்தைக் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியும் இதுவும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. கண்ணும் கையும் அறிந்ததை எழுதிய எண்ணோடு இணைப்பதற்கு ஒரு பாலம் வேண்டும்; அது தானாக அமைவதில்லை.

பாலம் என்பது எளிய பொருளே. கிண்ணத்தில் ஐந்தும் வெளியே மூன்றுமாக வைத்த நாளிலேயே, பக்கத்தில் 5 + 3 என்று எழுதிக் காட்டுவது. குழந்தை வாயாற் சொன்ன வழியை ஆசிரியர் அதன் எதிரிலேயே எண்களாக எழுதுவது. இதற்கு வெற்றுக்கோடு ஒன்று பெரிதும் உதவும். ஹாலந்து நாட்டுப் பள்ளிகளில் இது பரவலாக வழங்கிவருகிறது. அடையாளம் எதுவும் இடாத ஒரு கோட்டை வரைந்து, அதன்மேல் 38 என்று ஒரு புள்ளி வைத்து, இருபதுக்கு ஒரு பெரிய வளைவும், இரண்டுக்கும் மூன்றுக்கும் சிறு வளைவுகளும் இட்டு, 58, 60, 63 என்று குறித்துச் செல்லலாம். மனத்தில் நடந்தது தாளில் தெரிகிறது. தப்பு எங்கே நேர்ந்தது என்பதும் தெரிகிறது.

2021 ஜூலை 5-ஆம் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கமும், தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் தொடக்க வகுப்புகளிலேயே எண்ணறிவை உறுதிப்படுத்துவதை நோக்கமாகக் கொண்டவை. திட்டங்கள் எவ்வளவு சிறந்தவையாயினும், வகுப்பறையில் கடிகாரத்தைக் காட்டி விரட்டும் பழக்கம் இருக்குமானால் பயன் குன்றும். விரைவு தேவையே. ஆனால் ஆறு வயதில் ‘சீக்கிரம் சொல்’ என்று நெருக்கப்பட்ட குழந்தை, யோசிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்குகிறது. வழி சுருங்கச் சுருங்க விரைவு பின்தொடரும்.

எழுத்துக் கூட்டலை எப்போது தொடங்குவது என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈரிலக்க எண்களை இரண்டு வழிகளிலேனும் மனத்தில் கூட்டத் தெரிந்த பிறகே ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும் முறையைக் காட்டலாம் என்பது என் எண்ணம். அப்போது மிச்சம் ஒன்றைப் பத்தின் இடத்தில் ஏற்றுவது மந்திரமாகத் தோன்றாது. எட்டும் ஐந்தும் சேர்ந்தபோது கிடைத்த பத்தே அது என்று புலப்படும். எழுத்து முறையைக் கற்ற பின்பும் ஒரு சோதனை உண்டு. 199 + 4 என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா இருந்து பார்க்க வேண்டும். சிலர் பென்சிலை எடுத்து ஒன்பதின் கீழ் நான்கை எழுதி, இரண்டு முறை மிச்சம் ஏற்றத் தொடங்குவர். சிலர் பென்சிலைத் தொடாமலே 203 என்பர். முதல் வகையாரிடம் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: இருநூறு ஆவதற்கு இதற்கு எத்தனை குறைகிறது?